முழு நேரமும் முழுக் கவனமும்

2026 பெப்ரவரி 3, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். கொட்டாஞ்சேனைக்கு மேலே வானம் கழுவாத அலுமினியச் சட்டிபோல மங்கிக் கிடந்தது. காற்று இல்லை. அக்காவின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தேவாலய வாசலுக்கு வந்தபோது என் கையிலும் ஒரு நினைவு அட்டையைக் கொடுத்தார்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன்.

முன்பக்கம் அக்காவின் படம். பின்பக்கம் மூன்று வரி தமிழ், அதற்குக் கீழே ஒரு வரி ஆங்கிலம். தன் முழு நேரத்தையும் முழுக் கவனத்தையும் குடும்பத்துக்கு அர்ப்பணித்தவள் என்பது அந்த ஆங்கில வரியின் பொருள். அதன் ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரியும். டிவோட், ஹோல் டைம், அட்டென்ஷன். பதினொரு வயதில் அதே வசனத்தை நான் தொட்டெழுதும் பேனையால் எத்தனை தடவை எழுதினேன் என்பதும் தெரியும். எனக்கு எண்ணுகிற பழக்கம் அப்போதே உண்டு.

அட்டையை அச்சடித்தவன் என் மகன். நூற்றைம்பது அடித்திருந்தான். எனக்குக் காட்டவில்லை.

"நல்லா இருக்கோ அப்பா?" என்று கேட்டான்.

"இந்த வசனத்தை எங்கயிருந்து எடுத்தனீ?"

"நீங்கதானே அப்பா. நான் சின்னனா இருக்கேக்க எந்த நாளும் சொல்லுவீங்க, படிப்பில டிவோட் பண்ணு, டிவோட் பண்ணு எண்டு." குரலைத் தாழ்த்திச் சொன்னான். "மாமியைப் பற்றி வேற என்ன எழுதுறது, சொல்லுங்கோ."

அவனில் பிழை இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் கூடியது. பிழை செய்தவர்களில் பலர் செத்துப்போனார்கள். மிச்சமிருப்பவர்களில் நான் ஒருவன்.

என் வயதுக்காரர்களே, உங்களுக்கு இது விளங்கும் என்று நினைத்து எழுதுகிறேன். ஃபுல்ஸ்காப் தாளில் இடப்பக்கம் இரண்டு விரல் அகலம் விட்டு மடித்தவர்கள் நீங்கள். மை சிந்தினால் ஒற்றுத்தாளைத் தேய்க்கக் கூடாது, அழுத்த மட்டும் வேண்டும் என்று அறிந்தவர்கள். விண்ணப்பத்தின் கடைசிப் பந்தியில் என்ன வர வேண்டும் என்பதை உங்களுக்கும் ஒருவர் சொல்லித் தந்திருப்பார். எனக்குச் சொல்லித் தந்தவர் என் அப்பா.

அப்பா துறைமுகத்தில் கிளாக்கர். ஐந்து இருபதுக்கு வீடு வருவார். சாரத்தை மாற்றி, பெனியனோடு, தேத்தண்ணியைக் குடித்துவிட்டு ஐந்தரைக்கு முன்கூடத்தில் நடக்கத் தொடங்குவார். எங்கள் ஒழுங்கையில் இருபத்திரண்டு வீடுகள். அதில் வேலை தேடாத வீடு ஒன்றும் இல்லை. ஒருவர் மாறி ஒருவர் வாழைப்பழச் சீப்போடும் வட்டக் கேக்கோடும் விண்ணப்பம் எழுதுவிக்க வந்து நிற்பார்கள். அப்பா காசு வாங்கமாட்டார். அதைத் தானே அடிக்கடி சொல்லிக்கொள்வார். அவர் வாங்கியது வேறு. ஒழுங்கையால் அவர் நடந்துவரும்போது சாய்மனைக் கதிரையில் கிடப்பவர்கள் எழும்பி நிற்க வேண்டும். எழும்பி நின்றார்கள்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சொல்லுவார். நான் மேசையில் இருந்து எழுதுவேன். அவருடைய எழுத்தை யாராலும் வாசிக்க முடியாது. என் எழுத்து அச்சுப்போல இருக்கும் என்று பாடசாலையில் சொல்வார்கள். ஒரு விண்ணப்பத்துக்கு நாற்பது நிமிடம். வெளியில் என் வயதுப் பிள்ளைகள் பந்தடிக்கும் சத்தம் கேட்கும். மழைக்காலக் காற்றில் துறைமுகக் கரிப்புகையும், அடுத்த தெருக் கிட்டங்கியில் காயும் மிளகாயின் காரமும் சேர்ந்து வரும். எழுதும்போது தும்மக் கூடாது. தும்மினால் தாள் பழுது. நான் தும்மலை விழுங்கப் பழகினேன்.

கடைசிப் பந்திக்கு வரும்போது அப்பா நடப்பதை நிறுத்துவார். நெஞ்சை நிமிர்த்துவார். என்னைத் தெரிவுசெய்தால் என் முழு நேரத்தையும் முழுக் கவனத்தையும் என் கடமைக்கு அர்ப்பணிப்பேன் என்ற வசனம் அப்போது வரும். அதை அவர் எந்தப் புத்தகத்தில் பிடித்தாரோ தெரியாது. ஒழுங்கைக்கே அது பாடமாகிவிட்டது. குடித்துவிட்டு வரும் சுருட்டுக்கடைக்காரர்கூட மனைவியிடம் அந்த வசனத்தைச் சொல்லித்தான் கதவைத் திறக்கச் சொல்வார். பிள்ளைகள் அப்பாவுக்கு வைத்த பட்டப்பெயர் ஹோல் டைம். அவர் முதுகுக்குப் பின்னால்தான்.

நான் ஒரு நாள் கேட்டேன்.

"எல்லாருக்கும் ஒரே வசனமோ அப்பா?"

"ஆண்டவர் படிப்பிச்ச செபத்தை ஆளுக்கு ஆள் மாத்தியோ சொல்லுறம்? நல்ல வசனமெண்டால் ஒண்டு போதும். எழுது."

எழுதினேன்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா இறந்தபோது எனக்கு ஐந்து வயது, அக்காவுக்குப் பதின்மூன்று. அடுப்பும் நானும் அவள் கைக்கு வந்தோம். எனக்கு எழுத்துப் படிப்பித்தவள் அவள்தான். கற்பலகையில் என் கைக்கு மேல் தன் கையை வைத்து எழுதுவிப்பாள். ஆங்கில டபிள்யூவை எழுதும்போது முதல் கோட்டை வாத்தின் கழுத்துப்போல வளைத்துத் தொடங்க வேண்டும். அது அவளே உண்டாக்கிய வளைவு. எந்தக் கொப்பியிலும் கிடையாது. சோறு இறக்கி, என்னைக் குளிப்பாட்டி, அப்பாவின் உடுப்பை நீலம் போட்டுத் தோய்த்து, அதற்கிடையில் பரீட்சையும் எழுதினாள். ஆங்கிலத்தில் அதிவிசேட சித்தி. அந்தத் தாளை அப்பா நான்கு பேருக்குக் காட்டிவிட்டு அலுமாரியில் பூட்டினார்.

நான் சொல்லப்போவது 1963ஆம் ஆண்டு ஆனி மாதம். கொச்சிக்கடைப் பெருநாள் முடிந்த கிழமை. கோட்டையில் ஒரு தேயிலைக் கம்பனிக்கு நான்கு எழுதுவினைஞர்கள் தேவை என்று பத்திரிகையில் வந்தது. ஆண்களும் பெண்களும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பம் சொந்தக் கையெழுத்தில் இருக்க வேண்டும்.

அப்பா அதை உரத்து வாசித்தார். பிறகு விளக்கம் சொன்னார். "டைப் அடிக்க வேண்டாம் எண்டுதான் அதுக்கு அர்த்தம்."

முப்பது வருடம் கந்தோரில் இருந்த மனிதர். அவர் சொன்னால் ஒழுங்கை கேட்கும். ஒன்பது நாளில் பத்துப் பேர் வந்தார்கள். பத்தும் நான் எழுதினேன். நானூறு நிமிடம். இதைப் பற்றி வெளியில் வாய் திறக்கக் கூடாது என்று அப்பா எனக்குச் சொல்லியிருந்தார். அர்த்தம் அவருக்கும் சரியாகவே தெரிந்திருந்தது என்பது எனக்கு இப்போது விளங்குகிறது. தெரியாதிருந்தால் வாய் திறக்காதே என்று ஏன் சொல்ல வேண்டும்?

பதினோராவது விண்ணப்பம் அக்காவுடையது. அவளுடையதையும் என்னைக் கொண்டு எழுதுவிக்கத்தான் அப்பா இருந்தார். அக்கா மறுத்துவிட்டாள்.

"சொந்தக் கையெழுத்தெண்டு போட்டிருக்கு அப்பா. நான் எழுதுறன்."

அப்பா சொல்ல அவளே எழுதினாள். கடைசிப் பந்தி வந்ததும் பேனையைத் தூக்கிப் பிடித்தாள்.

"முழு நேரத்தையும் அவங்களுக்குக் குடுத்தால் உங்கட சோத்தை ஆர் சமைக்கிறது?"

பகிடிக்குத்தான் கேட்டாள். சிரித்தது நான் மட்டும். வசனத்தை எழுது என்று அப்பா இரண்டாம் தடவை சொன்னார். எழுதினாள்.

அவளுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்பது அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பென்சிலால் இருந்தது. 5.00 எழும்ப. 5.20 அடுப்பு. 6.40 தம்பி. 7.25 பஸ். நாலாம் வீட்டுப் பெண்ணிடம் மத்தியானச் சோற்றுக்குக்கூட ஒழுங்கு செய்துவிட்டாள். பின்னேரம் சுருக்கெழுத்து வகுப்பு. அதற்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. வீட்டுக்கு வெளியே தனக்கென்று ஒரு கதிரை வேண்டும் என்றுதான் அவள் கேட்டாள். அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

பதினொரு பேருக்கும் கடிதம் வந்தது. ஒழுங்கையே கொண்டாடியது. ஒரே நாள், ஒரே நேரம். அது ஏன் என்று யாரும் யோசிக்கவில்லை. அப்பா இரண்டு நாள் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தார்.

சனிக்கிழமை. மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. பெண்பிள்ளை தனியே கோட்டைக்குப் போகக் கூடாது, அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை, ஆகவே துணைக்கு நான். அக்கா அம்மாவின் சாம்பல்நிறச் சேலையைக் கட்டியிருந்தாள். பஸ்ஸில் அதன் கரையைத் தூக்கித் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். கந்தோர் வாசலில் நின்ற பியூன் எனக்குச் சுவரோரம் இருந்த வாங்கைக் காட்டி, சிங்களத்தில் "மல்லி, மெஹே இந்தகன்ன" என்றான். இருந்தேன். கூரையில் நான்கு மின்விசிறிகள். ஒன்று சுற்றவில்லை. தேயிலைத் தூளும் ஈரக் குடையும் மணத்தன.

நீண்ட மேசையில் அதிகாரி பதினொரு விண்ணப்பங்களையும் வரிசையாகப் பரப்பியிருந்தார். முன்னால் எங்கள் ஒழுங்கை நின்றது. அவர் ஆங்கிலத்தில்தான் பேசினார், சத்தம் போடாமல். ஒரே வசனம் பதினொரு தடவை வந்திருக்கிறது, அதைக்கூட மன்னிக்கலாம், ஒரே கை பதினொரு தடவை எழுதியிருக்கிறதே, அது யாருடைய கை என்று கேட்டார். ஆளுக்கு ஒரு வெற்றுத்தாள் கொடுத்து அந்த வசனத்தை அங்கேயே எழுதச் சொன்னார்.

பத்துத் தாளில் பத்து விதமான கோணல்கள். பதினோராவது தாளில் டபிள்யூ வாத்தின் கழுத்தோடு நிமிர்ந்து நின்றது.

அதிகாரி அந்த வளைவின்மேல் விரலை வைத்தார். பிறகு மற்றப் பத்து விண்ணப்பங்களிலும் அதே வளைவின்மேல் ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனார். அவருக்குக் கணக்குச் சரியாக வந்துவிட்டது. அங்கே நின்ற பதினொரு பேரில் சட்டப்படி எழுதியவள் அவள் ஒருத்தி. பத்துப் பேருக்கும் எழுதிக்கொடுத்து ஏமாற்றியவளாகத் தெரிந்தவளும் அவள் ஒருத்திதான்.

"எத்தனை பேருக்கு எழுதிக்கொடுத்தீர், மிஸ்?"

"எனக்கு மட்டும்தான் சேர்."

"அப்ப மற்றதெல்லாம்?"

சுவர் மணிக்கூட்டில் பத்து ஐம்பத்திரண்டு. நான் வாங்கில் இருந்து காலை ஆட்டுவதை நிறுத்தினேன். பத்துப் பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒருவன் இருமினான். அதற்கு முதல் நாள்தான் அவன் வீட்டுக் கேக்கை நான் இரண்டு துண்டு தின்றிருந்தேன். அக்கா திரும்பவில்லை. அவள் திரும்பி என்னைப் பார்த்திருந்தால் எழும்பியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். அது பொய். எழும்பியிருக்கமாட்டேன். பத்து ஐம்பத்தாறு ஆகும்வரை சுற்றாத விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்று இறக்கை. எத்தனை தடவை எண்ணினாலும் மூன்று.

"எனக்குத் தெரியாது சேர்," என்றாள் அக்கா.

உதவி கேட்பது பலவீனம், பத்துப் பேரின் பெயரில் எழுதிக்கொடுப்பது மோசடி என்று அதிகாரி தீர்ப்புச் சொன்னார். அக்காவின் விண்ணப்பத்தில் சிவப்புப் பென்சிலால் குறுக்கே கோடு இழுத்தார். பத்துப் பேரில் மூவருக்கு அங்கேயே வேலை சொன்னார். அந்த மூவரும் அவளோடு ஒரே பஸ்ஸில் வரவில்லை. அடுத்த பஸ்ஸுக்கு நின்றார்கள்.

பஸ்ஸில் அவள் கண்ணாடிப் பக்கம் இருந்தாள். துறைமுகச் சுவர் முடிந்தது. பிறகு என் பக்கம் குனிந்து சொன்னாள்.

"பத்தும் வடிவா எழுதியிருக்கிறாய் தம்பி. என்ர டபிள்யூவை விட உன்ர டபிள்யூ திறம்."

அறுபத்திரண்டரை வருடமாக அந்த வார்த்தைக்குப் பதில் தேடுகிறேன். ஏசியிருக்கலாம். தலையில் குட்டியிருக்கலாம். பாராட்டினாள்.

அப்பா ஐந்து இருபதுக்கு வந்தார். அக்கா நடந்ததை நின்றபடியே சொன்னாள். கேட்டு முடித்ததும் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை அப்படியே எழுதுகிறேன்.

"என்ர பேர் ஏதும் வந்ததோ?"

"இல்லை அப்பா."

அவர் மூச்சு விட்டார். தேத்தண்ணி கேட்டார். அக்கா உள்ளே போய் ஊற்றிக்கொண்டு வந்தாள். அவர் கோட்டைக்குப் போய், பிழை என்னுடையது, எழுதியது என் மகன், இந்தப் பிள்ளை குற்றமற்றவள் என்று சொல்லியிருக்கலாம். எங்கள் வீட்டில் இருந்து கோட்டைக்கு பஸ்ஸில் இருபது நிமிடம். போகவில்லை. போனால் ஒழுங்கை எழும்பி நிற்காது. நான் அன்று அவரை ஒரு பயந்த மனிதர் என்று மட்டும் நினைத்தேன். இப்போது இன்னொன்றையும் நினைக்கிறேன். அவருக்கு அதில் ஒரு நட்டமும் இல்லை. சோறு சமைக்கிற ஆள் வீட்டிலேயே நின்றுவிட்டாள்.

அடுத்த ஞாயிறு வேலை கிடைத்த மூவரும் சேர்ந்து கேக் கொண்டு வந்தார்கள். அப்பா பெரிய துண்டை எடுத்தார். தட்டு வைத்தது அக்கா.

திங்கள் ஐந்தரைக்கு மறுபடியும் ஒருவன் வந்து நின்றான். அப்பா நடக்கத் தொடங்கினார். நான் எழுதினேன். ஆனால் கையைக் கெடுத்து எழுதினேன். எழுத்துகளை நசித்தேன். டபிள்யூவை ஒடித்தேன். அப்பா அடிமட்டத்தால் ஆறு அடி அடித்தார். அடுத்த நாள் இன்னும் கெடுத்தேன். ஏழு. மூன்றாம் கிழமை அவர் என்னைக் கைவிட்டு மூலைவீட்டுப் பெட்டையைப் பிடித்தார். என் எழுத்து பிறகு திரும்பி வரவேயில்லை. இன்றுவரை வங்கியில் என் கையெழுத்தைப் பார்த்து இரண்டாம் தடவை போடச் சொல்கிறார்கள். அது என் ஒரே எதிர்ப்பு. யாருக்கும் தெரியாத எதிர்ப்பு. அக்காவுக்கு அதனால் ஒரு சதப் பிரயோசனமும் இல்லை. அவள் படிப்பித்ததைத்தான் நான் அழித்தேன்.

மிச்சத்தை விரைவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது மிச்சம்தான். அந்தக் கம்பனி சிவப்புக் கோடு போட்ட பெண் என்று கோட்டையில் பேர் அடிபட்டது. அக்கா அதற்குப் பிறகு விண்ணப்பம் போடவில்லை. 1971இல் அப்பாவுக்குப் பாரிசவாதம். பத்தொன்பது வருடம் கட்டில். அந்தக் கட்டிலில் கிடந்துகொண்டும் வருபவர்களிடம், கோணிய வாயால், என் மகள் முழு நேரத்தையும் எனக்கே தந்துவிட்டாள் என்று அதே ஆங்கில வசனத்தில் சொல்லுவார். தந்தாள் என்றார். அவளிடம் யாரும் கேட்டதில்லை. கேட்காமல் எடுத்ததற்கு அர்ப்பணிப்பு என்று பெயர் வைத்தால் எடுத்தவன் திருடன் இல்லை என்றாகிவிடும்.

நான் கணக்காளர் வேலைக்கு விண்ணப்பித்தபோது, டைப் அடித்த தாளில், கடைசிப் பந்தியில் அதே வசனத்தைப் போட்டேன். வேலை கிடைத்தது. வெள்ளவத்தைக்குக் குடிபோனேன். என் மனைவியின் இரண்டு பேறுகாலத்துக்கும் அக்கா வந்து மூன்று மூன்று மாதம் நின்று அடுப்பைப் பார்த்தாள். பிறகு பஸ்ஸேறிப் போனாள். மாதத்தில் ஒரு ஞாயிறு போய்ப் பார்ப்பேன். போனால் பத்திரிகை வாசிப்பேன்.

ஜனவரியில் அவள் போன பிறகு வீட்டை ஒதுக்கும்போது அலுமாரிக் கதவைத் திறந்தேன். பென்சில் அப்படியே இருந்தது. 7.25 பஸ். அவள் அந்தக் கதவை ஒரு நாளைக்கு எத்தனை தடவை திறந்திருப்பாள் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கி, பாதியில் விட்டேன். நான் பாதியில் விட்ட கணக்கு அது ஒன்றுதான்.

ஆகவே அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றபோது என்னால் பொறுக்க முடியவில்லை. வெளியே வந்தவர்களிடம் அட்டையைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்கத் தொடங்கினேன். சிலர் சிரித்தார்கள். ஒரு பெண் தன் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டாள்.

"அப்பா, சனம் பாக்குது," என்றான் மகன்.

"பாக்கட்டும். அண்டைக்கும் பாத்துக்கொண்டுதான் நிண்டது."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கப்படுத்த நேரமும் இல்லை. கொடுத்தது நூற்றுப் பன்னிரண்டு, வாசலில் திரும்பி வந்தது தொண்ணூற்றேழு. பதினைந்து அட்டைகள் வீடுகளுக்குப் போய்விட்டன.

அச்சகம் ஒன்பது மணிக்குத் திறந்தது. கணினி முன்னால் இருந்த பிள்ளையிடம் ஆங்கில வரியை எடுத்துவிடச் சொன்னேன். அந்த இடத்தில் என்ன போட வேண்டும் என்று கேட்டாள். எழுதிக்கொடுத்தேன். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஐயா, எழுத்து விளங்கேல்லை."

திரும்ப எழுதினேன். ஒவ்வோர் எழுத்தாக, தும்மலை விழுங்கிக்கொண்டு. இந்தத் தடவை அவள் உரத்து வாசித்தாள்.

"தன் விண்ணப்பத்தைத் தன் கையால் எழுதியவள்." நிமிர்ந்து பார்த்தாள். "இது செத்த வீட்டு அட்டைதானே ஐயா? சனத்துக்கு விளங்குமோ?"

"விளங்க வேண்டிய ஆக்கள் இல்லை," என்றேன். "நீர் அடியும்."

கூலியை மகன் கொடுத்தான், கேள்வி கேட்காமல். புதிய அட்டைகளோடு பதினைந்து வீட்டுக்கும் நானே நடந்தேன். பழையதை வாங்கினேன், புதியதைக் கொடுத்தேன். நாலாவதாகப் போன வீட்டில், அன்று வேலை கிடைத்த மூவரில் ஒருவர், எண்பத்து நான்கு வயது, சக்கரக் கதிரையில் இருந்தார். புதிய வரியை வாசித்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைத்தான் பார்த்தார்.

வெள்ளவத்தைக்குத் திரும்பி வந்து கணக்கு எழுதினேன். அக்காவுக்கு அந்தச் சனிக்கிழமை என்னிடம் தேவைப்பட்டது நான்கு நிமிடம், பத்து ஐம்பத்திரண்டு முதல் பத்து ஐம்பத்தாறு வரை. அதை நான் கொடுக்கவில்லை. அச்சகத்தில் இருந்தது இரண்டு மணி பதினைந்து நிமிடம். வீடு வீடாக நடந்தது ஒரு மணி முப்பத்தைந்து நிமிடம். என் முழு நேரத்தையும் முழுக் கவனத்தையும் நான் அவளுக்குக் கொடுத்தது, அவள் செத்து முப்பத்தொரு நாளுக்குப் பிறகு, எல்லாம் கூட்டி, மூன்று மணி ஐம்பது நிமிடம்.